மலைநாட்டுக் குளிரும் குளியலறையும்

குளித்தல் என்னும் சொல்லும் குளிர் என்னும் சொல்லும் ஒலியால் ஒட்டி நிற்பவை. வெயில் காயும் நிலத்தில் வளர்ந்த மொழி, உடலின் வெம்மையைத் தணிப்பதையே குளியலின் பயனாகக் கண்டது வியப்பன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலே சித்திரை வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றும் ஒருவரிடம் சென்று, குளிக்குமிடத்தைச் சூடாக வைத்துக்கொள்வது எவ்வாறு என்று வினவினால், அவர் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். வன்னியின் குளக்கட்டிலே நீராடுபவரும் அவ்வாறே செய்வார். அவர்களுக்குக் குளியலறை என்பது மறைப்புக்காகவே வேண்டியது, வெப்பத்துக்காக அன்று.

ஆயினும் இதே தீவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலே நுவரெலியா நகரம் இருக்கின்றது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அங்குள்ள சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் சில இரவுகளில் அது சுழியத்தை நெருங்குவதுண்டு. அத்தகைய காலைகளிலே புல்வெளி வெள்ளைத் துணி விரித்தாற்போல உறைபனி பூத்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். கொழும்பிலே குழாயைத் திறந்தால் வரும் நீர் 27 பாகை அளவில் இருக்க, இங்கே பீலியில் விழும் நீர் 14, 15 பாகைக்கு மேற்படுவது அரிது. கொழும்பிலிருந்து விடுமுறைக்குச் செல்பவர் இந்தக் குளிரைச் சில நாட்களுக்கு ஒரு வேடிக்கையாக அனுபவித்துத் திரும்பிவிடுகிறார். ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே முதுமையடைவோருக்கு அது வேடிக்கையன்று.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பாண்ஸ் நுவரெலியாவிலே தமக்கென ஒரு மாளிகை கட்டுவித்தார். பின்னர் வந்த ஆங்கிலேயரும் தோட்டத் துரைமாரும் தம் தாய்நாட்டுக் குளிரை நன்கறிந்தவர்கள். ஆதலின் அவர்களுடைய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்படுப்பு இருந்தது. வெளியே விறகடுப்பின்மேல் காய்ந்த கொதிநீர், குழாய் வழியாகவோ ஆள் மூலமாகவோ குளியலறைக்கு வந்தது. தோட்டத்தில் உழைத்தவர்களோ திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய வெயில் நாடுகளிலிருந்து வந்தோரின் வழியினர். அவர்களுக்கெனக் கட்டப்பட்ட லயங்களிலே, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் இருந்தன. குளிப்பதற்கென ஓர் இடம் அந்த வரைபடத்திலேயே இல்லை. பீலிக்கரையே குளியலறை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையிலே வரும் பெண்கள், ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு, மலைக்காற்று வீச, பீலிக்கரையிலிருந்து லயத்துக்கு நடந்தார்கள். பிற்காலத்தில் குடும்பங்கள் தாமாகவே லயத்தின் பின்புறத்தில் நாலு கம்பு நட்டு, தகரமும் சாக்கும் கொண்டு மறைப்புக் கட்டிக்கொண்டன. இப்போது தனி வீடுகளும் சீமெந்துக் குளியலறைகளும் பல தோட்டங்களில் எழுந்துள்ளன. எனினும் சீமெந்து வந்தவுடன் குளிர் போய்விடவில்லை. சில வேளைகளில் பழைய சாக்கு மறைப்பைக் காட்டிலும் புதிய சீமெந்து அறையே கூடுதலாகக் குளிர்கின்றது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், பெருஞ்செலவின்றியே அந்த அறையைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்ளலாம். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர்; அவருடைய மகள்; அவளுக்குப் பிறந்து ஒரு மாதமேயான குழந்தை; தோட்டத்தில் வேலை செய்யும் மருமகன். இந்த நால்வரிலே குளியலறைக் குளிரால் உயிருக்கே ஊறு நேரக்கூடியவர்கள் இருவர். ஒருவர் பாட்டி, மற்றையது அந்தக் குழந்தை.

குளிரின் முதற்காரணம் பலரும் எண்ணுவது போலத் தண்ணீர் அன்று. தண்ணீர் உடம்பிலிருந்து காய்வதே அது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். உடலின் தோல்மேல் இருக்கும் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. இதனை மறைவெப்பம் என்பர். ஒரு தேக்கரண்டி நீர் என்பது ஐந்து கிராம். அவ்வளவு நீர் ஒரு குழந்தையின் உடம்பிலே தங்கி, முழுதும் அதன் வெப்பத்தையே உறிஞ்சிக் காயுமாயின், மூன்று கிலோகிராம் நிறையுள்ள அக்குழந்தையின் உடல் ஒரு பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். அதே ஒரு தேக்கரண்டி நீர் வளர்ந்த ஒருவரின் உடம்பிற் காய்ந்தால் அவருக்கு அது தெரியவும் மாட்டாது. பிறந்த குழந்தைக்கு இருக்கவேண்டிய வெப்பநிலை 36.5 பாகைக்கும் 37.5 பாகைக்கும் இடையிலுள்ளது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு தேக்கரண்டி ஈரத்தின் விலை விளங்கும்.

ஆகவே மலைநாட்டுக் குளியலறையில் முதலாவதாகச் செய்யவேண்டிய ஏற்பாடு, துணி காய்வதற்கான ஒரு கொடியும், கைக்கெட்டும் இடத்தில் உலர்ந்த ஒரு துவாயும் ஆகும். துவாயை எடுப்பதற்காக ஈர உடம்போடு இஸ்தோப்பு வரை நடப்பவர், தாம் ஊற்றிய சுடுநீரின் பயனில் பெரும்பங்கை வழியிலேயே இழந்துவிடுகிறார். துவாயை அடுப்பின்மேற் கொடியிலே காயவைத்து, அந்தச் சூட்டோடு கொண்டுவருவது இன்னும் நன்று. ஒரு சதமும் செலவில்லாத இந்தக் காரியத்தைச் செய்யாமல், பல்லாயிரம் ரூபா கொடுத்து மின்கருவி வாங்குவோர் உண்டு.

காற்று வீசினால் ஈரம் விரைந்து காயும். விரைந்து காய்ந்தால் விரைந்து குளிரும். எனவே அடுத்துக் கவனிக்கவேண்டியது காற்றின் வழி. சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்திலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டும் வழக்கம் கரையோர நாட்டுக்கு உரியது. அங்கே அது வேண்டும். மலைநாட்டிலும் கொத்தனார் அதே வழக்கத்தைக் கைவிடாமற் கட்டிவிடுகிறார். கதவின் அடியிலும் நாலு விரல் அளவுக்கு இடைவெளி இருக்கும். அடியில் நுழையும் குளிர்காற்று காலைத் தழுவி, சூடேறிய காற்றை மேலேயுள்ள இடைவெளி வழியாக வெளியே தள்ளிவிடுகின்றது. மேலும் கீழும் திறந்துள்ள அறை ஒரு புகைபோக்கியைப் போலவே வேலை செய்கின்றது. கதவின் அடியில் பழைய றப்பர்க் குழாயைப் பிளந்து ஆணியடித்துத் தொங்கவிட்டால் போதும். மேல் இடைவெளியைப் பலகையால் அடைத்து, ஈர ஆவி வெளியேறுவதற்காக ஒரு கையளவு துவாரம் மட்டும் விடவேண்டும். அதற்கு ஒரு மூடியும் வைத்துக்கொண்டால், குளிக்கும்போது மூடிவைக்கலாம்; குளித்து முடிந்ததும் திறந்துவிடலாம்.

இனிச் சீமெந்துச் சுவர் ஏன் குளிர்கின்றது என்பதைப் பார்க்கவேண்டும். இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குப் பயன்படும். ஐந்தடி நீளமும் ஐந்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட ஒரு குளியலறையிலே உள்ள காற்றின் நிறை, நுவரெலியாவின் உயரத்தில், ஐந்தரைக் கிலோகிராமுக்கு மேற்படாது. அந்தக் காற்று முழுவதையும் பத்துப் பாகை சூடாக்குவதற்கு வேண்டிய வெப்பம் மிகச் சொற்பம். 40 பாகையிலுள்ள ஒரு லீற்றர் சுடுநீர் 27 பாகைக்கு ஆறும்போது விடும் வெப்பமே அதற்குப் போதுமானது. ஆனால் அதே அறையின் நான்கு சுவர்களிலும் மேற்பரப்பிலுள்ள இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பை மட்டும் பத்துப் பாகை சூடாக்குவதானால், அதைப்போல எழுபது எண்பது மடங்கு வெப்பம் வேண்டியிருக்கும். காற்றைச் சூடாக்குவது எளிது. கல்லைச் சூடாக்குவது கடினம். குளிப்பவர் ஊற்றும் சுடுநீரின் ஆவி காற்றை ஒரு நொடி வெதுவெதுப்பாக்குகின்றது. உடனே சுவர் அதனை விழுங்கி, வியர்த்து வழிகின்றது. சுவரிலே வழியும் அந்த நீர்த்துளிகள், உடலுக்குச் சேரவேண்டிய வெப்பம் சுவருக்குச் சேர்ந்துவிட்டதற்குச் சாட்சி.

பழைய சாக்கு மறைப்பிலே காற்று வீசாத நாட்களில் குளிர் குறைவாகத் தோன்றியதன் இரகசியமும் இதுதான். சாக்குக்கு நிறை இல்லை. அது வெப்பத்தைக் குடிப்பதில்லை. ஆகவே சீமெந்துச் சுவரின் உட்புறத்தில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை மெல்லிய பலகை அடித்து, சுவருக்கும் பலகைக்கும் இடையே விரலிடை வெளி விட்டால், அந்த அறையின் இயல்பே மாறிவிடும். இடையில் அடைபட்ட காற்று ஒரு நல்ல காவலி. பலகைக்கு வசதியில்லாதோர் பொருட்களைப் பொதிந்துவரும் றெஜிபோம் தகடுகளை ஒட்டி, அவற்றின்மேல் தடித்த பொலித்தீனை இழுத்துக் கட்டலாம். ஆனால் றெஜிபோம் எளிதில் தீப்பற்றும். பற்றினால் நச்சுப் புகை விடும். அடுப்பு அண்டிய சுவரிலும், விளக்கு வைக்கும் இடத்திலும் அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. பன்பாய் அடிப்போரும் உண்டு. அது ஈரத்திலே விரைவில் பூசணம் பிடித்துவிடுகின்றது.

கூரை தகரமாயின் அதற்கும் ஓர் உட்கூரை வேண்டும். தெளிந்த இரவிலே தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றிலும் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காலையில் அதன் கீழே சுடுநீர் ஊற்றினால், ஆவி எழுந்து தகரத்திற் பட்டு, குளிர்ந்த துளிகளாகக் குளிப்பவரின் முதுகிலேயே விழும். இந்த அனுபவம் மலைநாட்டார் யாவருக்கும் உண்டு. ஆறரை அடி உயரத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்தால் துளி விழுவதும் நிற்கும். சூடாக்கவேண்டிய இடத்தின் அளவும் குறையும்.

தரையைப் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. சீமெந்துத் தரையும் மரப்பலகையும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், காலுக்குச் சீமெந்து சில்லென்றும் பலகை அவ்வாறன்றியும் தோன்றுவதன் காரணம், சீமெந்து உடலின் வெப்பத்தை விரைந்து கடத்திவிடுவதே. விரலிடைவெளி விட்டு அடித்த மரச்சட்டத் தட்டு ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் நிற்பது போதும். வாரத்தில் ஒருநாள் அதனை எடுத்து வெயிலிலே சாத்தித் தேய்க்காவிட்டால் பாசி பிடித்து வழுக்கும் என்பதை மட்டும் மறக்கலாகாது. பாட்டி குளிரால் நடுங்காமல் வழுக்கி விழுந்தால் அதனால் என்ன இலாபம்?

மேற்கூறியவை யாவும் வெப்பத்தைக் காப்பதற்கான வழிகள். வெப்பத்தைத் தரையிலும் சுவரிலும் ஊட்டுவதற்கு உலகத்தார் கண்ட வழியும் ஒன்று உண்டு. பண்டை உரோமர் தம் நீராடு மண்டபங்களின் தரையை இரண்டடி உயரமுள்ள சிறு செங்கற்றூண்களின்மேல் நிறுத்தி, அத்தூண்களுக்கிடையே உலையின் அனலையும் புகையையும் ஓடவிட்டனர். விட்ருவியசு என்னும் கட்டடக் கலைஞர் தம் நூலின் ஐந்தாம் பாகத்திலே அதன் அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறார். சுவர்களினுள்ளும் உள்ளீடற்ற ஓட்டுக்குழல்களை வைத்து அனல் ஏறச் செய்தார்கள். கொரிய நாட்டு மக்களோ அரண்மனைக்காக மட்டுமன்றி எளிய வீட்டுக்கும் இதனைப் பயன்படுத்தினர். சமையலறை அடுப்பின் புகை, அடுத்த அறையின் கற்றரைக்குக் கீழே ஓடி மறுபக்கத்துப் புகைபோக்கி வழியாக வெளியேறும். சோறு வேகும்போதே தரையும் காயும். கல்லைச் சூடாக்குவது கடினம் என்பது உண்மையே. ஆனால் ஒருமுறை சூடாகிவிட்டால் அது எளிதில் ஆறாது. அந்தக் குணத்தை இவ்விரு நாட்டாரும் தமக்குத் துணையாக்கிக்கொண்டனர்.

தோட்டத்து வீட்டிலே கற்றரையின் கீழே புகையோட்ட முடியாது. எனினும் அடுப்படிச் சுவர் இருக்கின்றது. மலைநாட்டு வீட்டில் அடுப்பு விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே மூட்டப்படுகின்றது. தேநீருக்கும் ரொட்டிக்கும் எரியும் அந்த நெருப்பு தனக்குப் பின்னாலுள்ள சுவரை நன்கு காய்ச்சிவிடுகின்றது. அந்தச் சூடு வெளியிலே வீணாகின்றது. குளியலறையைப் புதிதாகக் கட்டுவோர், லயத்தின் மறுகோடியிலே தனியாகக் கட்டாமல், அடுப்படிச் சுவரின் மறுபுறத்தில் ஒட்டிக் கட்டுவாராயின், அந்த ஒரு சுவராவது இலவசமாகச் சூடாகிக் கிடைக்கும். அச்சுவருக்குப் பலகை அடிக்கலாகாது. அதனை வெறுமையாகவே விடவேண்டும். சுவரில் வெடிப்பும் துவாரமும் இல்லாதபடி இருபுறமும் பூசிவிடவேண்டியது மிக முக்கியம். அதன் காரணம் சற்றுப் பின்னர் வரும்.

இனி நீர். கடல் மட்டத்திலே நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நுவரெலியாவின் உயரத்தில் அது 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுவே காரணம். கொதிநீர் ஒரு பங்கும் 14 பாகையிலுள்ள பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்தால் 40, 41 பாகை வரும். வளர்ந்தவர் குளிப்பதற்கு அதுவே மேல் எல்லை. குழந்தைக்கு 37, 38 பாகை போதும். எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றி, அதன்மேலேயே கொதிநீரை விடவேண்டும். மாறிச் செய்து, வாளியருகே வந்த பிள்ளை கையை விட்டு வெந்துபோனால் அந்தத் துன்பம் நெடுநாள் தீராது. தாயின் உள்ளங்கை அடுப்படியிலே பழகி மரத்தது. அதனை நம்பாமல் முழங்கையை நீரில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அது நல்ல வழக்கம்.

வாளியை மூடாமல் வைப்பது இன்னொரு வீண்செலவு. குளிப்பதற்கு முன் ஒரு செம்புச் சுடுநீரைத் தரைத்தட்டின்மேலும், அதன் கீழுள்ள சீமெந்தின்மேலும் ஊற்றிவிட்டு, கதவைச் சாத்தி இரண்டு நிமிடம் பொறுத்து உள்ளே செல்வோருக்கு அறையின் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். காற்றைச் சூடாக்குவதற்கு எவ்வளவு சொற்ப வெப்பம் போதும் என்பதை முன்னரே கணக்கிட்டுக் கண்டோமல்லவா?

மின்சாரத்தால் உடனுக்குடன் நீரைக் காய்ச்சும் கருவிகளும் இப்போது பரவியுள்ளன. கொழும்பிலே நண்பர் வீட்டில் கண்ட கருவியையே வாங்கிவந்து பொருத்திவிட்டு, நீர் சூடாகவில்லை என்று குறைப்படுவோர் பலர். 3.5 கிலோவாற்றுக் கருவி கொழும்பின் நீரை 27 பாகையிலிருந்து 39 பாகைக்குக் கொண்டுவரும்போது நிமிடத்துக்கு நாலு லீற்றர் அளவில் கொடுக்கும். நுவரெலியாவில் 14 பாகையிலிருந்து அதே 39 பாகைக்குக் கொண்டுவருவதானால் இரண்டு லீற்றருக்கு மேல் அதனாற் கொடுக்க முடியாது. கருவியில் பிழையில்லை, எதிர்பார்ப்பிலேயே பிழை. அத்தகைய மெல்லிய நீர்த்தாரையின் கீழே நடுங்கி நிற்பதைக் காட்டிலும், வாளியில் நிறைத்து மொண்டு ஊற்றுவதே மேல். கருவிக்கு நிலத்தொடுப்புச் சரியாக உண்டா என்பதையும், வீட்டில் 30 மில்லியம்பியர் மின்னொழுக்குக்கே தானாக விழும் ஆளி, அதாவது மக்கள் ட்ரிப் சுவிட்ச் என்று வழங்குவது, வேலை செய்கின்றதா என்பதையும் தகுதியான மின்வேலைக்காரரைக் கொண்டு பார்ப்பித்த பின்னரே அதன் கீழே நிற்கவேண்டும். வாளியிலே அமிழ்த்திக் காய்ச்சும் மின்சுருளைச் செருகியபடியே வாளிக்குள் கைவிடுபவர் உயிரோடு விளையாடுகிறார்.

அடுப்படிச் சுவரின் வெடிப்பைப் பூசவேண்டும் என்றதன் காரணம் இதோ. குளிர் தாங்காமல் தணற்சட்டியைக் குளியலறைக்குள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவோர் உண்டு. சாம்பிராணிப் புகை காட்டுவதற்கென்று வைத்த தணலை எடுக்காமலே, தாயையும் சேயையும் உள்ளே விட்டுக் கதவையடைக்கும் வீடுகளும் உண்டு. புகை வந்தால்தானே ஆபத்து, இது புகையாத கனிந்த தணல் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. போதிய காற்றின்றிக் கனலும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு வெளிவருகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்துவதுமில்லை. இரத்தத்திலே ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின், ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இவ்வாயுவைப் பிடித்துக்கொள்கின்றது. ஆகவே சுவாசிப்பவர் மூச்சு விட்டுக்கொண்டே மூச்சின்றிப் போகிறார். முதலில் தலை வலிக்கும். பின்னர் குமட்டலும் அயர்ச்சியும் வரும். குளித்த களைப்பு என்று எண்ணி அவர் சற்று உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வலிமை அவருக்கு இராது. உட்புறம் தாழிட்ட கதவு அதன்பின் யமனுக்கே துணை செய்யும்.

தணற்சட்டிக்கு மட்டுமன்று, மண்ணெண்ணெய் அடுப்புக்கும், எரிவாயுவால் நீர் காய்ச்சும் கருவிக்கும் இதுவே நியதி. எரிவாயுக் கருவியைக் குளியலறைக்கு வெளியேதான் பொருத்தவேண்டும். நெருப்பு எதுவாயினும் அதன் இடம் சுவருக்கு மறுபுறமே. இதுவரை காற்றின் வழியை அடைக்கவேண்டும் என்று கூறப்பட்டவை யாவும், உள்ளே நெருப்பு இல்லாத அறைக்கே பொருந்தும் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கக் கண்டால், கண்டவர் அங்கேயே நின்று தட்டி எழுப்ப முயலலாகாது. கதவை அகலத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்த பின்னரே மற்றவை. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்சு வண்டி வரும். மயக்கம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

பாட்டியின் நிலை வேறு. முதியவர் குளிர்ந்த அறையில் ஆடை களையும்போது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் ஏறுகின்றது. உடனே சூடான நீர் மேலே விழுந்தால் அதே குழாய்கள் விரிந்து, அழுத்தம் சடுதியாக இறங்குகின்றது. இந்த ஏற்ற இறக்கத்தை இளைய உடம்பு தாங்கும். முதிய உடம்பு தாங்காமல் மயங்கி விழலாம். இருதயமோ மூளையோ தாக்குறலாம். யப்பானிலே சூடேற்றாத அறையில் உடை களைந்து, மிகச் சூடான தொட்டியில் இறங்கும் வழக்கத்தால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான முதியோர் குளியலின்போது இறந்துபோகிறார்கள். ஆகவே உடை களையும் இடத்தை முதலிலேயே சூடாக்குமாறும், நீரின் சூடு 41 பாகைக்கு மேற்படாமலும், பத்து நிமிடத்துக்கு மேல் அதில் அமிழ்ந்திராமலும் பார்த்துக்கொள்ளுமாறும் அந்நாட்டு அரசாங்கம் அறிவுரை கூறி வருகின்றது.

மலைநாட்டுப் பாட்டி தொட்டியில் இறங்குவதில்லை. ஆனால் சூட்டை எடுத்த எடுப்பிலே தலையில் ஊற்றிக்கொள்கிறார். அதற்குப் பதிலாக முதலில் பாதத்திலும், பின்பு கையிலும், அதன்பின் தோளிலும் ஊற்றுவதே தகும். தலைக்கு ஊற்றுவது கடைசியில். நின்றுகொண்டு குளிப்பதற்குப் பதிலாக ஒரு முக்காலியில் அமர்ந்து குளிக்கலாம்; சுவரிலே பிடிப்பதற்கு ஒரு கம்பு வேண்டும். கதவை உட்புறம் தாழிடாமல் சாத்திவைத்தால் போதும். விடியற்காலையில் குளித்துவிட்டே மறுவேலை பார்ப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கக்கூடும். பழைய மனிதரின் ஆசாரத்தை இகழ்வது சரியன்று. ஆனால் தையிலும் மாசியிலுமாவது வெயில் ஏறிய பதினொரு மணிக்கு அவரை இணங்கவைப்பது மகளின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. அந்த நேரத்திலே தகரக் கூரையே அறையைப் பாதி சூடாக்கிவிடும்.

குழந்தையைப் பொறுத்தவரை, பிறந்தவுடன் குளிப்பாட்டுவதே கூடாது என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குறைந்தது 24 மணித்தியாலமாவது பொறுக்கவேண்டும். துடைத்து உலர்த்தி, தாயின் மார்போடு அணைத்து வைப்பதே அந்த நேரத்துக்கு உரியது. பின்வரும் நாட்களிலும் மலைநாட்டுக் குழந்தையை நாள்தோறும் முழுக்காட்டவேண்டிய கட்டாயமில்லை. குளியலறை எவ்வளவுதான் திருத்தப்பட்டிருப்பினும், இந்த வயதில் அதற்கு உகந்த இடம் அடுப்பின் சூடு எட்டும், ஆனால் புகை படாத காம்பராவின் மூலையேயாகும். சிறு கடாரத்தில் நீரை வைத்து, கதவடைத்து, சில நிமிடங்களில் காரியத்தை முடித்து, முதலில் தலையைத் துவட்டவேண்டும். குழந்தையின் உடற்பரப்பிலே தலையின் பங்கு பெரிது. தேக்கரண்டிக் கணக்கை இந்த வேளையிலே தாய் நினைவில் வைத்திருப்பாளாயின், கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் ஈரம் விடமாட்டாள். பின்னர் தொப்பியும் உலர்ந்த துணியும் சுற்றித் தன் மேனியோடு சேர்த்து வைத்துக்கொள்வாள்.

மருமகன் செய்யவேண்டிய வேலைகளை எந்த ஒழுங்கில் தொடங்குவது என்ற கேள்வி எஞ்சியிருக்கின்றது. கையிலே காசு குறைவாயின் துவாய்க் கொடி, கதவின் அடி றப்பர், தரைத் தட்டு ஆகிய மூன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியக்கூடியவை. மேல் இடைவெளியையும் உட்கூரையையும் அடுத்த சம்பளத்துக்குப் பின் பார்க்கலாம். பலகைச் சுவர் அதற்கும் பின்னர். மரம் நன்கு உலர்ந்திருக்கவேண்டுமாதலால், ஐப்பசி கார்த்திகை மழையிலே அறுத்த பலகையை உடனே அடிக்காமல், அடுப்படிப் பரணிலே சில வாரம் போட்டுவைத்து, மழை ஓய்ந்ததும் அடிப்பது நல்லது. தை பிறந்து உறைபனி விழத் தொடங்குமுன் அறை ஆயத்தமாகிவிடும். அதன்பின் நாள்தோறும் கடைசியாகக் குளிப்பவர், மேல் துவாரத்தின் மூடியைத் திறந்து, தட்டை நிமிர்த்திச் சுவரிலே சாத்திவிட்டு வரவேண்டும்.